ஊரில் வீடு கட்டவிருக்கும் வெளிநாட்டு உறவுகளுக்கு ஒரு திறந்த மடல்

ரொறன்ரோவிலும் லண்டனிலும் பாரிஸிலும் சூரிச்சிலும் சிட்னியிலும் இருந்துகொண்டு யாழ்ப்பாணத்தில் வீடு கட்ட எண்ணியிருக்கும் அன்பான உறவுகளே,

வலிகாமத்தில் வீட்டுப் படம் கீறுவது என் தொழில். நீங்கள் காசு அனுப்புகிறீர்கள், உங்கள் சித்தப்பாவோ மச்சானோ மேற்பார்வை பார்க்கிறார், பிரதேச சபைக்குக் கொடுக்கும் படத்தை நான் கீறுகிறேன். உங்களில் பலருடன் தொலைபேசியில் பேசியிருக்கிறேன், சிலரைத்தான் நேரில் கண்டிருக்கிறேன். நாற்பது வருடத்துக்குப் பிறகும் பிறந்த மண்ணில் ஒரு வீடு வேண்டும் என்று நினைக்கிறீர்களே, அந்த நினைப்பின் மேல் எனக்குப் பெரிய மதிப்பு உண்டு. அதனாலேதான் இதை வெளிப்படையாக எழுதுகிறேன்.

இங்கே வேலை நடக்கிற ஒழுங்கு பிழையாக இருக்கிறது. "முதல்ல காணியைத் துப்புரவாக்கி விடுங்கோ, பிறகு படத்தைப் பார்ப்பம்" என்று நீங்கள் சொல்கிறீர்கள். காலையில் பெக்கோ இயந்திரம் வந்து இறங்குகிறது. பின்னேரம் பார்த்தால் காணி முழுக்கச் செம்மண் வெளி. கோடிக்குள் நின்ற பலா, பின்வேலியோரம் நின்ற பனைகள், கிணற்றடி வேம்பு, வடலிக் கூட்டம் எல்லாம் ஒரே நாளில் போய்விடும். அந்த வெளியைப் படமெடுத்து உங்களுக்கு அனுப்புவார்கள். அதற்குப் பிறகுதான் உறுதியும் நில அளவைப் படமும் என் மேசைக்கு வரும். என் கையில் கிடைப்பது நாலு எல்லைக்கல்லும் வெறும் நிலமும். நடுவில் வீட்டைக் கீறிக் கொடுப்பேன். பிறகு தெரியும், தறித்த மரங்களில் பெரும்பாலானவை வீடு வரும் இடத்திலேயே நிற்கவில்லை என்று.

ஒரு கணக்குப் பாருங்கள். எங்கள் ஊரில் ஒரு பரப்பு என்பது பத்துப் பேர்ச், சதுர அடியில் 2,722. நாலு பரப்புக் காணியென்றால் ஏறக்குறைய 10,900 சதுர அடி. நீங்கள் கேட்கும் வீடு நிலத்தில் பிடிக்கும் இடம் அநேகமாக இரண்டாயிரம் சதுர அடிக்குள் அடங்கிவிடும். மிச்சம் முழுக்க வளவு. காணி சிறியதாக இருந்தாலும் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கைக் கட்டாமல் விட வேண்டும் என்பதுதான் குடியிருப்புக் காணிகளுக்கான பொதுவான விதி. முன்பக்கம் வீதி அகலிப்புக்கென்று ஒரு கோடு இருக்கிறது, அதற்குள் சுவர் எழுப்ப விடமாட்டார்கள். பின்பக்கமும் இடம் விட வேண்டும். நீங்கள் விரும்பினாலும் கட்ட முடியாத அந்த நிலத்தில் மரம் நிற்பதால் யாருக்கு என்ன இடைஞ்சல்?

இனிச் சட்டத்துக்கு வருகிறேன். உங்களில் பலருக்கு இது தெரியாது. நீங்கள் வெளிக்கிட்ட வயதில் இதெல்லாம் தெரிந்திருக்க வேண்டிய தேவையும் இருக்கவில்லை.

1951ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க மரம் தறித்தல் கட்டுப்பாட்டுச் சட்டம் என்று ஒன்று இந்த நாட்டில் உண்டு. பலா, ஈரப்பலா, பெண்பனை ஆகியவற்றை அனுமதியில்லாமல் தறிக்க முடியாது. உங்கள் சொந்தக் காணியில் உங்கள் பாட்டன் நட்ட மரமாக இருந்தாலும் இதுதான் நிலை. மூன்றும் சனத்துக்குச் சோறு போடுகிற மரங்கள். பஞ்சம் வந்தால் ஒரு ஊரையே தாங்கக்கூடியவை. அதனால்தான் அவற்றை ஒரு தனியாளின் விருப்பத்துக்கு விட்டுவிடாமல் அரசு அனுமதிக்குள் வைத்திருக்கிறார்கள். விண்ணப்பம் கிராம அலுவலரிடம் தொடங்கிப் பிரதேச செயலகத்துக்குப் போகும். பனையென்றால் பனை அபிவிருத்திச் சபையையும் கேட்பார்கள். 1978இல் உருவான அந்தச் சபையின் வேலையே பனையைக் காப்பதும் பனைத் தொழிலை வளர்ப்பதும்தான். தறித்தாயிற்று என்றாலும் பனங்குற்றியை வீதியால் ஏற்றிச் செல்ல வேறாக அனுமதி எடுக்க வேண்டும். அனுமதியில்லாமல் பனங்குற்றி ஏற்றிய லொறி பிடிபட்ட செய்தியை இங்கே பத்திரிகையில் அடிக்கடி பார்க்கிறோம்.

வீடு கட்டும் அனுமதி இன்னொரு வாசலால் வருவது. பிரதேச சபைக்கோ நகர சபைக்கோ மாநகர சபைக்கோ படத்தோடு விண்ணப்பிக்க வேண்டும். தொழில்நுட்ப உத்தியோகத்தர் வந்து எல்லையையும் வீதிக்கோட்டையும் பார்ப்பார். பொதுச் சுகாதாரப் பரிசோதகர் கிணற்றுக்கும் மலகூடக் குழிக்கும் இடையிலுள்ள தூரத்தைப் பார்ப்பார், அயல்வீட்டுக் கிணற்றையும் சேர்த்து. அறை அளவு, யன்னல் அளவு எல்லாம் பார்ப்பார்கள். ஆனால் மரம் எங்கே நிற்கிறது என்று என் படத்தைப் பார்த்துக் கேட்டவர்கள் மிக அரிது. வெளியாக்கிய காணியில் கேட்பதற்கும் என்ன இருக்கிறது?

இரண்டு கந்தோர், இரண்டு விண்ணப்பம். ஒன்றில் இருப்பது மற்றதற்குத் தெரியாது. இந்த இடைவெளிக்குள்தான் எங்கள் மரங்கள் போகின்றன. சட்டம் இல்லாமல் போகவில்லை. சட்டத்தைக் கேட்க வேண்டிய நேரத்தில் மரம் ஏற்கெனவே விறகாகிவிடுகிறது.

இதில் இன்னொன்றையும் நீங்கள் யோசிக்க வேண்டும். மரத்தைத் தறிக்கச் சொன்னது நீங்கள், ஆனால் வழக்கு வந்தால் நீதவான் நீதிமன்றத்துக்குப் போய் நிற்கப்போவது காணியில் நிற்கிற மனிதர். அற்றோணித் தத்துவத்தை உங்களுக்காக ஏற்றுக்கொண்ட சித்தப்பா, அல்லது நாட்கூலிக்கு வந்த பெக்கோக்காரத் தம்பி. உங்கள் மேல் வைத்த அன்பினால் கேள்வி கேட்காமல் செய்துவிட்டு, எழுபது வயதில் பொலிஸுக்கு வாக்குமூலம் கொடுக்கிற நிலையை அவருக்கு வைக்காதீர்கள்.

சரி, என்னதான் செய்யச் சொல்கிறீர் என்று கேட்பீர்கள். நான் கேட்பது ஒன்றே ஒன்று. காணியைத் துப்புரவாக்குவதற்கு முதல் மரங்களைப் படத்தில் ஏற்றுங்கள். வீட்டின் முதல் கோடு அதற்குப் பிறகு விழட்டும்.

இதற்குப் பெரிய செலவு கிடையாது. எல்லை பிடிக்க நில அளவையாளர் வரும்போதே மரங்களையும் படத்தில் குறித்துத் தரச் சொல்லலாம். பழைய படம்தான் கையில் இருக்கிறதென்றால், நூறடி நாடா ஒன்றும் இரண்டு பேரும் போதும். ஒரு எல்லைக்கல்லில் நாடாவின் நுனியைப் பிடித்து மரத்தின் அடிவரை அளவெடுங்கள். பிறகு இன்னொரு எல்லைக்கல்லில் இருந்து அதே மரத்துக்கு அளவெடுங்கள். இந்த இரண்டு அளவும் கிடைத்தால் நான் கவராயத்தால் படத்தில் இரண்டு வில் போடுவேன். அவை வெட்டுகிற இடத்தில் மரம் நிற்கும். நெஞ்சளவு உயரத்தில் அடிமரத்தின் சுற்றளவையும் எழுதுங்கள். பலாவென்றால் கொப்பு எவ்வளவு தூரம் பரவியிருக்கிறது என்று காலடியால் அளந்தாலும் போதும். ஓ.எல். படிக்கிற மருமகன் ஒரு பின்னேரத்தில் முடித்துவிடுகிற வேலை இது.

பனையென்றால் ஆணா பெண்ணா என்றும் குறித்துவிடச் சொல்லுங்கள். ஆண்பனையின் பாளை விரல் விரலாக நீண்டு தொங்கும். பெண்பனையில் குரும்பை பிடிக்கும். வடலியாக இருக்கும்போது இரண்டையும் பிரித்தறிய வழியில்லை. பாளை தள்ளும்வரை பொறுத்திருக்க வேண்டும், அதற்குப் பன்னிரண்டு, பதினைந்து வருடம்கூடச் செல்லும். பெக்கோவின் வாளிக்குள் அள்ளுப்படுகிற ஒரு வடலிக் கூட்டத்தில் எத்தனை பெண்பனை இருந்திருக்கும் என்று சட்டத்தாலும் சொல்ல முடியாது, உங்களாலும் சொல்ல முடியாது. வடலி வளர்த்துக் கள்ளுக் குடிக்கிற கதை என்று நாங்கள் பேச்சுவழக்கில் சொல்வது அந்தக் காத்திருப்பைத்தான்.

ஸ்காபரோவில் இருக்கிற ஒரு குடும்பம் இந்த முறையில் கட்டியது. நாலு பரப்புக் காணி, மேற்கே வீதி. வீதிப்பக்க மூலையில் காய்க்கிற பலா ஒன்று, பின்னெல்லையில் இரண்டு பனை, நடுவளவில் ஒரு பெண்பனை. அவர்கள் விரும்பி அனுப்பிய மாதிரிப் படத்தில் கார் விடும் போர்ட்டிக்கோ சரியாகப் பலாவின் மேல் விழுந்தது. வீட்டை இடம் வலமாகத் திருப்பிப் போட்டேன். போர்ட்டிக்கோ மற்றப் பக்கம் போனது, விறாந்தை பலாவின் பக்கம் வந்தது. மலகூடக் குழியைப் பின்பனைகளில் இருந்து விலக்கிப் பக்கவாட்டுக்குக் கொண்டுவந்தேன், கிணற்றுத் தூரமும் அதில் நன்றாகவே கிடைத்தது. நடுவளவுப் பனைக்கு மட்டும் வழி பிறக்கவில்லை. எப்படித் திருப்பினாலும் அது கூடத்துக்குள் நின்றது.

அந்த ஒரு பனைக்கு அனுமதி கேட்டார்கள். கேட்கும்போது இணைத்த கடதாசி பிரதேச சபைக்குக் கொடுத்த அதே படம். நாலு மரமும் அதில் இருந்தன, மூன்றைச் சுற்றி வட்டம், ஒன்றின் மேல் புள்ளடி. எந்த மரம், ஏன், மற்றவை என்ன ஆகின்றன என்பதெல்லாம் அந்த ஒரு தாளிலேயே தெரிந்தது. கிராம அலுவலர் காணிக்கு வந்து படத்தைக் கையில் வைத்துக்கொண்டே பார்த்தார். அனுமதி வந்தது. தறித்த பனை நன்றாக வைரம் பாய்ந்த மரம். அதைக் கிழித்துப் பின்விறாந்தைக் கூரைக்கு வளையும் சலாகையும் ஆக்கினார்கள். கறுத்துப்போய் நார் தெரிகிற அந்தச் சலாகையில் இரும்பாணி இறங்காது, துளை போட்டுத்தான் அடிக்க வேண்டும் என்று மேசன்மாரிடம் தச்சர் சொல்லிக்கொண்டு நின்றது எனக்கு நினைவிருக்கிறது. அந்த வீட்டுக்கு இன்றைக்கும் பலாநிழல்தான் விறாந்தை.

மரத்தை வைத்துக் கட்டச் சொன்னால் உங்களிடமிருந்து வழக்கமாக வருகிற மறுப்புகளும் எனக்குத் தெரியும். வேர் அத்திவாரத்தை உடைக்கும் என்பது முதலாவது. ஆலும் அரசும் உடைக்கும், சந்தேகமில்லை. அவற்றைச் சுவரோரம் விடச் சொல்லி நான் ஒருநாளும் சொல்லமாட்டேன். பனை அப்படியல்ல. பனைக்கும் தென்னைக்கும் நார்வேர். அது மரம் முதிர முதிரப் பருத்துப் பெருப்பதில்லை, கற்சுவரைத் தள்ளிப் பிளக்கிற வேர் அதற்கு இல்லை. பனையைப் பற்றிப் பயப்பட வேண்டியது மேலே. காவோலை விழும், பழம் விழும். ஓட்டுக் கூரைக்கு மேலே சாய்ந்து நிற்கிற பனையை விட்டுவைக்கச் சொல்வது நியாயமில்லை. கூரையில் இருந்து சில அடி விலகி நிமிர்ந்து நின்றால், வருடா வருடம் ஓலை வெட்டுவித்தால், அதனால் ஆபத்தில்லை.

வாசலுக்கு நேரே மரம் நிற்கக்கூடாது என்று சாத்திரியார் சொன்னார் என்பது இன்னொன்று. உங்கள் நம்பிக்கையை நான் மறுக்கவில்லை. வாசலை மூன்றடி தள்ளி வைத்தால் சாத்திரமும் நிறைவேறும், மரமும் நிற்கும். படம் கீறும் நேரத்தில் வாசலைத் தள்ளுவதற்கு ஒரு அழிறப்பர் போதும்.

தறிக்கத்தான் வேண்டும் என்ற மரங்களும் உண்டு. வட்டுப்போன மொட்டைப்பனை வீட்டின் பக்கத்தில் நிற்கக்கூடாது. உள்ளே கோறை விழுந்த முதிர்ந்த பலா காற்றுக்கு எந்தப் பக்கம் விழும் என்று சொல்ல முடியாது. அடுத்த வீட்டுக் கூரைக்கு மேல் சரிந்த தென்னை அயலோடு பகையைத்தான் வளர்க்கும். அப்படியான மரங்களுக்கு, சட்டம் கேட்கிற இடத்தில் அனுமதி எடுத்துத் தறியுங்கள். ஆபத்தையும் கட்டட வேலையையும் காரணமாகக் காட்டி முறையாகக் கேட்கிற விண்ணப்பத்தை அதிகாரிகள் பரிசீலிக்கிறார்கள். நேரம் எடுக்கும் என்பது உண்மை. இரண்டு கிழமை விடுமுறையில் வந்து நின்று அதற்குள் எல்லாம் முடிய வேண்டும் என்று அவசரப்படுவதால்தான் பலர் குறுக்குவழிக்குப் போகிறார்கள். உங்கள் வீட்டு வேலை எப்படியும் ஒரு வருடத்துக்கு மேல் இழுபடும். மர விண்ணப்பத்தை முதலில் போட்டுவிட்டால் அத்திவாரம் வெட்டும் நாளுக்கு முன்பே அது கைக்கு வந்துவிடும்.

தறிக்காமல் விட்ட மரமும் கட்டட வேலையில் சாகும். இது பலருக்குத் தெரிவதில்லை. காணி பதிவாக இருக்கிறதென்று கிரவல் கொட்டி உயர்த்துகிறார்கள். பலாவின் அடிமரம் இரண்டடிக்குப் புதைந்துபோகிறது. வேருக்குக் காற்றில்லை, மாரியில் தண்ணீரும் தேங்குகிறது. தண்ணீர் தேங்குவதைப் பலா பொறுக்காது. அடுத்த வருடம் இலை கொட்டத் தொடங்கும். அந்த நேரத்தில் "இதுவும் பட்டுப்போச்சு" என்று தறித்துவிடுவார்கள். சீமெந்துக் குழம்பு கழுவுகிற தண்ணீரை மரத்தடியில் ஊற்றுவதும், கம்பிக்கட்டை அடிமரத்தோடு சாத்துவதும் இப்படித்தான். கொப்பு பரவிய அளவுக்குச் சுற்றிக் கயிறு கட்டி, அதற்குள் கல், மண், வாகனம் எதுவும் போகக்கூடாது என்று மேசனிடம் முதல் நாளே சொல்லி வையுங்கள். ஒப்பந்தத்தில் அதை ஒரு வரியாக எழுதிக் கையெழுத்தும் வாங்குங்கள்.

வேலை முடிந்ததும் வளவு முழுக்க இன்ரலொக் கல் பதிக்கிறீர்களே, அதைப் பற்றியும் ஒரு சொல். யாழ்ப்பாணத்தில் வருடம் முழுக்க ஓடுகிற ஆறு கிடையாது. வழுக்கையாறும் மாரிக்கு மட்டும்தான். நாங்கள் குடிப்பது சுண்ணாம்புக் கல்லுக்குள் இறங்கி நிற்கிற மழைத் தண்ணீர். ஐப்பசி தொடங்கி மார்கழி வரை பெய்கிறது நிலத்துக்குள் போனால்தான் பங்குனி, சித்திரையில் கிணற்றில் தண்ணீர் நிற்கும். கார் போக இரண்டு தடம், நடக்க ஒரு பாதை, அவ்வளவுக்குக் கல் பதியுங்கள். மிச்சம் மண்ணாகவே கிடக்கட்டும். நீங்கள் வருடத்தில் ஒரு மாதம் வந்து நிற்கிற வீட்டுக் கிணறு அயலிலுள்ள பத்து வீட்டுக் கிணற்றோடு ஒரே நிலத்தடி நீரைப் பங்குபோடுகிறது.

எங்கள் பழைய உறுதிகளை எடுத்துப் பாருங்கள். காணியின் எல்லையோடு கிணற்றுப் பங்கும் வழிவாய்க்காலும் நிற்கிற பனை தென்னையும் எழுதப்பட்டிருக்கும். 1707இல் ஒல்லாந்தர் காலத்தில் எழுத்தில் தொகுக்கப்பட்ட தேசவழமை, அயல் காணிக்குள் சாய்கிற மரத்தின் பலன் யாருக்கு என்பதைக்கூட விட்டுவைக்கவில்லை. காணி என்றால் அதில் நிற்கிற மரமும் சேர்ந்தது என்றுதான் இந்த ஊர் முந்நூறு வருடமாகச் சொத்தைப் பதிந்து வந்திருக்கிறது. இப்போது நில அளவைப் படத்தில் நீள அகலம் மட்டும் மிஞ்சியிருக்கிறது. உங்கள் முதுசக் காணி உறுதியின் பிரதி உங்களிடம் இருந்தால் ஒருக்கா வாசியுங்கள்.

வலிகாமம் வடக்கில் காணி உள்ளவர்களுக்குத் தனியாக எழுத வேண்டும். 1990இல் போரினால் விட்டுவந்த காணிகள் பல வருடம் கழித்துத் துண்டு துண்டாகக் கைக்கு வருகின்றன. மயிலிட்டித் துறைமுகம் 2017இல்தான் இராணுவத்திடமிருந்து விடுபட்டது. திரும்பிப் போனபோது பலருக்கு வீடு இருக்கவில்லை, எல்லை தெரியவில்லை, பற்றைக்காடு மட்டும்தான். போர்க்காலத்தில் இந்த மண்ணின் பனைகள் கணக்கில்லாமல் தறிபட்டுப் பங்கருக்குக் குற்றியாகப் போயின. ஷெல்லடியில் தலை இழந்து நின்றவை வேறு. அதையெல்லாம் தாண்டி உங்கள் காணிக்குள் ஒரு பனை உயிரோடு நிற்கிறதென்றால், காணியை அடையாளம் காட்டுவதற்கு மிஞ்சிய சாட்சி அதுதான். பற்றை வெட்டுங்கள், வேண்டிய அளவு வெட்டுங்கள். ஆனால் பெக்கோவை உள்ளே விடுவதற்கு முன் ஆட்களைக் கொண்டு கத்தியால் வெட்டுவியுங்கள். பற்றைக்குள் என்ன மரம் நிற்கிறது என்பது அப்போதுதான் தெரியவரும்.

என்னைப் போலப் படம் கீறுகிறவர்களும் இதில் தங்கள் பங்கைச் செய்ய வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். மரம் குறிக்காத நில அளவைப் படத்தை வைத்துக்கொண்டு வீடு கீறச் சொன்னால் நான் இப்போது மரங்களை அளந்து அனுப்பச் சொல்லிக் கேட்கிறேன். பிரதேச சபைகளும் கட்டட விண்ணப்பத்தில் நிற்கிற மரங்களைக் காட்டச் சொல்லி ஒரு வரி சேர்த்துவிட்டால் பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும். அது வரும்வரை உங்கள் கையில்தான் இருக்கிறது. காணி உங்களுடையது, காசு உங்களுடையது, நீங்கள் தொலைபேசியில் சொல்கிற ஒரு வசனத்துக்குத்தான் பெக்கோ வருகிறது.

இந்த வருடம் நல்லூர்த் திருவிழாவுக்கு வருகிறவர்கள், தேர் முடிந்த அடுத்த நாள் ஒருக்கா காணிக்குப் போங்கள். நாடாவைக் கொண்டு போங்கள், பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போங்கள். நிற்கிற ஒவ்வொரு மரத்துக்கும் இரண்டு எல்லைக்கல்லில் இருந்து அளவெடுத்துக் கொப்பியில் எழுதுங்கள். பனம்பழம் விழுகிற காலம் அது. பழத்தைப் பொறுக்கி, அனுமதியோடு தறிக்கப்போகிற மரம் ஒன்றுக்குப் பத்துக் கொட்டை என்ற கணக்கில் பின்னெல்லையோரம் புதையுங்கள். மழைக்கு முன் புதைத்தால் தண்ணீர் ஊற்ற ஆள் தேவையில்லை. அளவுகளை உங்கள் வீட்டுப் படத்தைக் கீறப்போகிறவரிடம் கொடுத்துவிட்டு விமானம் ஏறுங்கள். அவர் கையில் அது கிடைக்கும்வரை காணிக்குள் ஒருவரையும் இயந்திரத்தோடு இறங்க விடாதீர்கள்.

அன்புடன்,
வலிகாமத்துப் படவரைஞர் ஒருவர்